மீட்டரிடம் வந்த வண்டி

பட்டறைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் அவரை மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கார்களின் மின்சார வேலை பார்ப்பவர். கழுத்தில் எந்நேரமும் ஒரு மல்டிமீட்டர் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் சட்டைப்பைக்குள் செருகிக் கிடக்கும். டீ குடிக்கப் போனாலும் அதோடுதான் போவார். “சர்க்கரை எவ்வளவுன்னு அளந்து பாத்துட்டுக் குடிங்க மீட்டரே” என்று பக்கத்துப் பட்டறை டிங்கர் கிண்டல் செய்வார். நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவர் அவர். அவர் வாயும் சுத்தியல் மாதிரிதான், ஓயாது.

மீட்டரின் வேலையை அந்தத் தெருவில் யாரும் குறை சொன்னதில்லை. வண்டியில் என்ன பழுது என்று சொந்தக்காரர் எவ்வளவு அடித்துச் சொன்னாலும் காதில் வாங்கமாட்டார். “அளந்து பாக்காம எதையும் சொல்லக்கூடாது” என்பார். ஃபியூஸில் தொடங்கி ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்து, கடைசியில்தான் வாயைத் திறப்பார். வண்டிகளிடம் இருந்த இந்தப் பொறுமை மனிதர்களிடம் அவருக்கு இருந்ததில்லை. அவர்கள் விஷயத்தில் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அதைச் சிரிப்புக் காட்டிச் சொல்லவும் தெரியும் என்பது இன்னும் கேடாகப் போயிற்று.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளை வாடகைக் கார் ஒன்று பட்டறை வாசலில் வந்து நின்றது. டிங்கர்தான் முதலில் பார்த்தார். வழக்கமாக எதையாவது சொல்லிச் சிரிக்கிற மனுஷன், அன்றைக்குச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, “மீட்டரே, உங்களுக்குத்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மீட்டர் திரும்பிப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கையிலிருந்து அவருடைய மனைவி இறங்கிக்கொண்டிருந்தாள்.

மகளைக் கூட்டிக்கொண்டு அவள் தன் அக்கா வீட்டு மாடிக்குக் குடிபோய் வருஷங்கள் ஓடிவிட்டன. அவள் கார் வாங்கி ஓட்டுகிறாள் என்று அவருக்குக் காதில் விழுந்திருந்தது. நேரில் பார்த்தது இப்போதுதான். முடி முன்பக்கம் நரைத்திருந்தது. கைக்கடிகாரத்தை வலது கையில் கட்டியிருந்தாள். முன்பு அவள் கடிகாரமே கட்டியதில்லை.

“ஸ்கிரீன் வரல” என்றாள். எப்படி இருக்கீங்க என்றுகூட இல்லை. அவரை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல்தான் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டாள் என்பது அவருக்குப் புரிந்தது.

“எவ்வளவு நாளா?”

“மொதல்ல விட்டு விட்டு வந்துச்சு. பள்ளத்துல எறங்கினா வரும், மேட்டுல ஏறினா போயிடும். இப்ப சுத்தமா இல்ல. பட்டன்ல லைட்டும் எரியறதில்ல. இருட்டினா ஏசி பட்டனைத் தடவித் தடவித்தான் கண்டுபிடிக்கிறேன். ரிவர்ஸ் கேமராவும் போச்சு.”

“கம்பெனி சர்வீஸ்ல காட்டலையா?”

“அடுத்த வாரம்தான் வரச் சொல்றாங்க. அதுவரைக்கும் வண்டிய நிறுத்தி வைக்க முடியுமா? வெளியில ரெண்டு பேர்கிட்ட காட்டினேன். ஸ்கிரீன் செத்துடுச்சு, புதுசு மாத்தணும்னாங்க.” கொஞ்சம் நிறுத்தி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “எனக்கு மனசு ஒப்பல.”

மீட்டர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். இருக்கை அவள் உயரத்துக்கு ஏற்றபடி முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. முழங்கால் இரண்டும் இடித்தன. அடியில் இருக்கும் லீவரைத் தூக்கினால் இருக்கை பின்னால் நகர்ந்துவிடும். ஆனால் அதை நகர்த்த அவருக்குக் கை வரவில்லை. பிறத்தியார் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஒடுங்கியே உட்கார்ந்தார்.

சாவியைத் திருப்பினார். ஸ்பீடாமீட்டர் பக்கம் எல்லாம் உயிரோடு இருந்தது. நடுவில் இருந்த அகலமான திரை மட்டும் கரும்பலகை மாதிரி கிடந்தது. அதைச் சுற்றியிருந்த பட்டன்களிலும் ஏசி பட்டன்களிலும் பொட்டு வெளிச்சம் இல்லை. பவர் பட்டனை நீளமாக அழுத்திப் பிடித்துப் பார்த்தார். அசைவில்லை. அப்போதுதான் முன் கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஒட்டியிருந்த சின்னக் கேமராவைப் பார்த்தார். சாலையைப் படம் பிடிக்கிற கேமரா. அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் ஓரத்து மூடிக்குள் போயிருந்தது.

“இத யாரு மாட்டினது?”

“ஏன்?”

“எவனோ அரைகுறை வயரை நறுக்கி இழுத்து விட்டிருக்கான். இதனாலதான் போயிருக்கும். கண்டவன்கிட்டயும் வண்டியக் குடுத்துட்டு அப்புறம் எங்கிட்ட வந்து நின்னா?”

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்கு உறைத்துவிட்டது. ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான். அவள் முகம் மாறவில்லை.

“அளந்து பாத்துட்டுச் சொல்லுங்க” என்றாள்.

அவருடைய வாக்கியம்தான். அவர் வாயை மூடிக்கொண்டு ஓரத்து மூடியைப் பிளாஸ்டிக் பட்டையால் நெம்பிக் கழற்றினார். உள்ளே கேமரா வயர் ஒழுங்காக இறங்கி, தனி ஃபியூஸ் வைத்து, பழைய வயர்களோடு சேர்த்துச் சுற்றப்பட்டிருந்தது. டேப்பின் நுனி மட்டும் அரை விரல் அளவுக்கு மடித்து விடப்பட்டிருந்தது. பிறகு எப்போதாவது பிரிக்க வேண்டியிருந்தால் நகத்தால் சுரண்டாமல் இழுக்க வசதியாக அப்படி மடிப்பார்கள். அந்தத் தெருவில் அப்படி மடிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

“இது…?”

“நான்தான் பண்ணேன்” என்றாள். “எத்தனை நாள் பக்கத்துல நின்னு டார்ச் புடிச்சிருப்பேன்?”

அவர் மூடியைத் திரும்ப அழுத்தி மாட்டினார். கேமராவுக்கும் பழுதுக்கும் சம்பந்தமில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.  ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார்.

டார்ச் பிடித்த கதை உண்மைதான். கல்யாணமான புதிதில் அவருக்குத் தனிப் பட்டறை கிடையாது. வீட்டு வாசலிலேயே வண்டிகளை நிறுத்தி வேலை பார்ப்பார். டார்ச் பிடிப்பது அவள் வேலை. கை ஆடினால் கத்துவார். பிறகு மகள் கொஞ்சம் வளர்ந்ததும் டார்ச் அவள் கைக்குப் போனது. அந்தக் காலத்தில் ஒருநாள் தனக்கும் கார் ஓட்டக் கற்றுத்தரச் சொல்லி மனைவி கேட்டாள். அவரும் உட்கார வைத்தார். வண்டி இரண்டு குதி குதித்துப் பக்கத்து வீட்டுச் சுவரில் உரசி நின்றது. வண்டிக்கு ஒன்றும் பெரிதாக ஆகவில்லை. அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் அது ஒரு நாள் கதை. அவர் அதைத் தெருவெல்லாம் சொன்னார். விருந்தாளி வந்தால் சொன்னார். அவள் தண்ணீர்ச் சொம்போடு நிற்கும்போதே சொன்னார். ஒவ்வொரு தடவையும் சுவர் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போகும், வண்டி இன்னும் இரண்டு குதி கூடுதலாகக் குதிக்கும். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். அவள் சிரிக்கிறாளே, அப்புறம் என்ன என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டாள். அவருக்குத் தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் இரண்டு பேருமாகப் பட்டறைக்கே வந்தார்கள். மனைவி லைசென்ஸை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். படத்தில் அவள் கண்ணை அகலமாகத் திறந்து வைத்திருந்தாள். டிங்கரும் இன்னும் நாலைந்து பேரும் அங்கே இருந்தார்கள். மீட்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சுவத்துக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் போடச் சொல்லி ஊருக்கே சொல்லியாச்சா?” என்று கேட்டார்.

தெருவே சிரித்தது. அவள் அன்று சிரிக்கவில்லை. லைசென்ஸை வாங்கி, புடவைத் தலைப்பால் அவர் விரல் ரேகை படிந்த இடத்தைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா வீட்டு மாடி அதற்குப் பிறகு அதிக நாள் காலியாக இருக்கவில்லை.

ஃபியூஸ்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்துத் திரும்ப மாட்டிப் பார்த்தார். சில சமயம் திரை திக்குமுக்காடி நின்றிருந்தால் அதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லை. திரையைச் சுற்றிய சட்டத்தை நெம்பி எடுத்து, திருகாணிகளைக் கழற்றி, திரையை மடியில் இழுத்துக்கொண்டார். பின்னால் செருகியிருந்த பிளக்கை உருவி, மல்டிமீட்டரின் முனையை வைத்தார். மின்சாரம் வந்துகொண்டிருந்தது, முழுசாக.

“கரண்ட் வருது. அப்ப ஸ்கிரீன்தான் போச்சா?” என்று அவள் சன்னலுக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அப்படித்தான் அவங்களும் சொல்லியிருப்பாங்க.” அவர் யோசித்தார். “ஆனா பட்டனெல்லாம் ஏன் சேந்து அணைஞ்சுது? ரெண்டும் ஒரே நேரத்துல சாகாதே.”

கையிலிருந்த மல்டிமீட்டர் காட்டியதை அவர் முழுசாக நம்பவில்லை. ஒரு சின்ன பல்பை எடுத்து, மின்சாரம் வரும் வயருக்கும் திரையின் எர்த் வயருக்கும் நடுவில் வைத்தார். பல்பு எரியவில்லை. எர்த் வயரை விட்டுவிட்டு வண்டியின் இரும்பில் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. மின்சாரம் உள்ளே வருகிறது, திரும்பிப் போக வழியில்லை. பல்பு கேட்கிற அளவுக்குக்கூட அந்த எர்த் வயரில் ஓட்டம் இல்லை. திரைக்கும் பட்டன்களுக்கும் அந்த ஒரே வயர்தான்.

“எர்த் இல்ல” என்றார். குரலில் பழைய உற்சாகம் தட்டியது. “முன்னால பக்கத்து சீட்டுல கால் வைக்கற எடத்துல ஈரம் இருக்கா? எர்த் போல்ட்டு அங்கதான் இருக்கு.”

“ஆமா. சவாரி வந்த ஒருத்தர் ஷூவெல்லாம் நனைஞ்சுடுச்சுன்னு சத்தம் போட்டாரு. யாரோ தண்ணி பாட்டிலக் கொட்டிட்டாங்கன்னு நெனச்சேன்.”

மீட்டர் கீழே குனிந்து கால்மிதி விரிப்பைத் தூக்கினார். பிழியலாம் போல் இருந்தது. ஏசித் தண்ணீர் வெளியே போகிற குழாய் சேறு அடைத்துப்போய், தண்ணீர் உள்பக்கமாகவே கசிந்து கொண்டிருந்திருக்கிறது. ஓரத்துத் தகட்டைக் கழற்றியதும் எர்த் போல்ட்டு தெரிந்தது. துருவும் பச்சைக் களிம்பும் ஏறி, தொட்டால் உதிர்ந்தது.

அவருக்கு வெளிச்சம் போதவில்லை. கேட்கவும் இல்லை. எதிர்ப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு அவளே உள்ளே குனிந்து, தன் போனின் டார்ச்சைப் போட்டு, சரியாக அந்த போல்ட்டின் மேல் பிடித்தாள். கை ஆடவில்லை. அவர் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, வயரின் அரித்த முனையை வெட்டிப் புது முனை போட்டு, முறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். பிறகு வண்டிக்கு அடியில் படுத்துக் கம்பியால் குழாயைக் குத்திவிட்டார். கறுப்புத் தண்ணீர் அவர் முழங்கையில் வழிந்தது.

சாவியைத் திருப்பியபோது திரை விழித்துக்கொண்டது. பட்டன்கள் ஒவ்வொன்றாக இல்லாமல் மொத்தமாக எரிந்தன. அவள் “அப்பாடா” என்றாள். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, பட்டன்களைப் பார்த்துத்தான்.

“பள்ளத்துல விட்டுப் பாக்கணும். அப்பதான் தெரியும்” என்றார்.

“ஏறுங்க.”

அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவர் ஈர விரிப்பின்மேல் காலை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டறைத் தெரு குறுகல். இரண்டு பக்கமும் கழற்றிப் போட்ட கதவுகளும் டயர்களும் கிடக்கும். பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். திரையில் பின்பக்கம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அவள் திரையைப் பார்க்கவே இல்லை. இரண்டு பக்கக் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்து, ஒரே வீச்சில் வண்டியைத் திருப்பி எடுத்தாள். டிங்கரின் தகரக் குவியலுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கை நுழையாது. பெரிய சாலையில் பேருந்துக்குப் பின்னால் பொறுமையாகப் போனாள், ஹாரனைத் தொடவில்லை. தோண்டிப் போட்டிருந்த இடத்தில் வேண்டுமென்றே இறங்கி ஏறினாள். திரை இமைக்கவில்லை.

அவர் திரையைப் பார்க்க வந்தவர். அவள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா ஓட்டற” என்றார்.

“தெரியும்” என்றாள் அவள்.

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த வார்த்தை வேண்டும் என்று அவள் ஏங்கிய காலம் எப்போதோ முடிந்துபோயிருந்தது.

திரும்பி வரும் வழியில் திரையில் நீல வெளிச்சம் பரவியது. அவள் போனோடு திரை தானாக இணைந்துகொண்டிருந்தது. மணி அடித்தது. பெரிய எழுத்தில் ‘பாப்பா’ என்று வந்தது. மகளை இரண்டு பேரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.  அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு ஸ்டீயரிங்கில் இருந்த பட்டனை அழுத்தினாள்.

“அம்மா, வண்டி சரியாயிடுச்சா?” நாலு ஸ்பீக்கரிலும் மகளின் குரல் வந்தது. குரல் தடித்திருந்தது. வேகமாகப் பேசும் பழக்கம் மட்டும் போகவில்லை.

“ஆயிடுச்சு.”

“யார்கிட்ட காட்டின?”

அவள் அவரைப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள். மீட்டர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே இன்றுவரை தெரியாது.

“ஒரு எலக்ட்ரீஷியன்கிட்ட.”

“ஸ்கிரீன மாத்தச் சொன்னானா?”

“இல்ல. எர்த் போயிருந்துச்சு.”

“பாத்தியா? நான் சொல்லல? அப்பாகிட்ட காட்டியிருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்பாரு.” மகள் சிரித்தாள். “அவர் காதே மீட்டரும்மா.”

வண்டி சிக்னலில் நின்றது.

“நீ வேணா அவருக்குப் போன் பண்ணிப் பாரேன்” என்றாள் மனைவி, சாலையைப் பார்த்தபடி.

“வேலைக்குச் சேந்த அன்னிக்குப் பண்ணேனே. கட் பண்ணிட்டாரு. எனக்குப் புரிஞ்சுடுச்சு, விட்டுட்டேன். சரி, மீட்டிங் இருக்கு, வைக்கிறேன்.”

திரையில் பெயர் போய், வழி காட்டும் வரைபடம் வந்தது.

அந்த அழைப்பு மீட்டருக்கு நினைவிருந்தது. கையெல்லாம் கிரீஸோடு ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். மகளின் பெயரைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. பின்னாலேயே ரோஷம் வந்தது. இவ்வளவு நாள் கழித்து இப்போதுதான் அப்பா ஞாபகம் வந்ததா என்று சுண்டு விரலால் துண்டித்தார். மறுபடி கூப்பிடுவாள், அப்போது எடுக்கலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு போனை மார்பின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அவள் கூப்பிடவில்லை. கல்நெஞ்சக்காரி என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். திரும்ப அழைத்துப் பார்ப்பதுதானே என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பட்டறை வாசலில் அவர் இறங்கினார். மனைவி எஞ்சினை அணைக்கவில்லை.

“பேசியிருக்கலாம்ல?” என்றாள்.

“என்னன்னு பேசறது?”

அவள் கியரைப் போட்டாள். பிறகு, “பாப்பா நம்பர் அதேதான்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். டிங்கர் எட்டிப் பார்த்தார். அன்று முழுவதும் அவர் ஒரு கிண்டலும் செய்யவில்லை.

போனை எடுப்பதும் வைப்பதுமாகச் சில நாள் போயிற்று. ஒரு காலையில் பட்டறை திறந்ததும், வேலை எதுவும் வருவதற்கு முன்னால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு மகளை அழைத்தார்.

“ஹலோ, யாருங்க?” என்றாள். புதுப் போனில் அவர் எண்ணைச் சேமித்து வைக்கவில்லை போலிருக்கிறது.

“நான்தாம்மா. அப்பா.”

 அவளுக்குப் பின்னால் யாரோ சிரிப்பதும் நாற்காலி இழுபடுவதும் கேட்டது.

“அம்மா சொன்னாங்க” என்றாள் கடைசியில். “நான் பேசினப்ப நீங்க வண்டியிலதான் இருந்தீங்களாமே.”

“ம்.”

“ஏன்ப்பா பேசல?”

எத்தனையோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தார். முதல் நாள் முழுவதும் தனியாகச் சொல்லிக்கூடப் பார்த்திருந்தார். 

“வண்டி டெஸ்ட்ல இருந்துச்சு” என்றார்.

“சரிப்பா” என்றாள் மகள். ஒரு பெருமூச்சு கேட்டது. சிரிப்பா சலிப்பா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. அவள் வைத்துவிடுவாளோ என்று பயந்து, எர்த் எப்படிப் போயிருந்தது, ஏசிக் குழாய் எங்கே அடைத்திருந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். சொல்லி முடித்ததும் சொல்ல வேறு எதுவும் அவரிடம் இல்லை.

மனைவி அதற்கப்புறம் வண்டியில் எது பழுதானாலும் அவரிடமே விடுகிறாள். காலையில் விட்டுவிட்டுப் போவாள், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வாள். டீ வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டால் இப்போதுதான் குடித்தேன் என்பாள். பட்டறையில் அந்தச் சுவர்க் கதையை யாராவது விளையாட்டாக எடுத்தால் மீட்டர் எழுந்து வெளியே போய்விடுவார். புதிதாக வந்தவர்களுக்கு ஏன் என்று தெரியாது.

மகளும் எப்போதாவது கூப்பிடுவாள். அவள் ஸ்கூட்டர் காலையில் கிளம்ப அடம்பிடித்தாலோ, இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் வேகமாக அடித்தாலோ கூப்பிடுவாள். அவர் ஒவ்வொன்றாகக் கேட்பார். அவள் குனிந்து பார்த்துப் பார்த்துச் சொல்வாள். பழுது இன்னதென்று தெரிந்தவுடனே, “சரிப்பா, பாத்துக்கறேன்” என்று பேச்சு முடிந்துவிடும். அதனால் இப்போதெல்லாம் அவர் பழுதைச் சட்டென்று சொல்லுவதில்லை. தெரிந்திருந்தாலும், இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் சொல்லுவார்.

அது நல்ல ஸ்கூட்டர். சுலபத்தில் பழுதாவதில்லை.